கம்மாயில் அண்ணன் இறந்துவிட்டான்: 6 வயதுத் தம்பிக்கும் மூன்றரை வயதுத் தங்கைக்கும் என்ன சொல்வது?

மேலூர்_டீச்சர் (கேள்வி)

வணக்கம். மேலூர் பக்கம் ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் முதல் வகுப்பு எடுக்கிறேன். காலாண்டு லீவில் எங்கள் பள்ளியின் நான்காம் வகுப்புப் பையன் (9 வயது) கம்மாயில் மூழ்கி இறந்துவிட்டான். கால்வாய்த் தண்ணீர் வந்து கம்மாய் பாதிக்கு மேல் பெருகிக் கிடக்கிறது. மண் அள்ளிய பள்ளங்கள் எதுவும் வெளியே தெரியாது. கூட இருந்தது அவன் தம்பி, என் வகுப்புப் பிள்ளை, 6 வயது. கரையில் நின்றிருக்கிறான். ஓடிப்போய் ஆள் கூப்பிட்டதும் அவன்தான். அங்கன்வாடிக்குப் போகிற மூன்றரை வயதுத் தங்கையும் இருக்கிறாள்.

இன்றோடு 11 நாள். பையன் "நான்தான் பந்தை எடுக்கச் சொன்னேன்" என்று சித்தியிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. ராத்திரி படுக்கையில் ஒண்ணுக்குப் போகிறான். தலைக்குத் தண்ணீர் ஊற்ற விடுவதில்லை. சின்னவளிடம் அப்பத்தா "அண்ணன் அழகர்கோயிலுக்குப் போயிருக்கான்" என்று சொல்லிவிட்டார். இப்போது யார் செருப்பு மாட்டினாலும் "நானும் அழகர்கோயில் வாரேன்" என்று அழுகிறாள். அம்மா எழுந்திருக்கிற நிலையில் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் உசிலம்பட்டியில் அம்மாச்சி வீட்டில் இரண்டு மாதம் விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் பேசுகிறார்கள்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அந்த வாரத்திலேயே பதினாறாம் நாள் வருகிறது. பின்னாலேயே தீபாவளி. வீட்டாருக்கு நான் என்ன சொல்லட்டும், பள்ளியில் நான் என்ன செய்யட்டும்? "காலம் ஆற்றும்" என்பது மாதிரி இல்லாமல், செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

குழந்தைமனம்_மதுரை (குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசனை)

டீச்சர், முதலில் அந்தப் பந்து. மற்றதெல்லாம் ஒரு வாரம் தள்ளினாலும் பரவாயில்லை, இது தள்ளக்கூடாது.

6 வயதில் பிள்ளைகள் தாங்கள் நினைத்ததும் சொன்னதும் வெளியே நடப்பதற்குக் காரணம் என்று நம்புவார்கள். "செத்துப் போடா" என்று சண்டையில் சொன்ன பிள்ளையும் அப்படித்தான் நினைக்கும். இவனுக்குச் சொன்ன வார்த்தைக்கும் நடந்ததற்கும் இடையில் இரண்டு நிமிஷம்தான். ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான், கேட்டவர் பதறியிருப்பார், அல்லது "அப்படியெல்லாம் பேசாத" என்று வாயை மூடியிருப்பார். அதோடு உள்ளே போட்டுப் பூட்டிவிட்டான்.

பெரியவர்கள் மூன்று விதமாகத் தப்பு செய்வார்கள். ஒன்று, "நீ சொல்லவே இல்லடா, அவனாத்தான் போனான்" என்று நடந்ததையே மறுப்பது. அவன் சொன்னது அவனுக்குத் தெரியும். உண்மையைத் தாங்க வீட்டில் ஆளில்லை என்றுதான் அவனுக்குப் படும். இரண்டாவது, "உன் தப்பு இல்ல" என்று தலையைத் தடவிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவது. காரணம் என்ன என்று சொல்லாதவரை அவன் கையில் இருக்கிற ஒரே காரணம் பந்துதான். மூன்றாவதுதான் மோசம்: "அண்ணன் சொல் பேச்சு கேக்கல, அதான் இப்படி ஆச்சு." இதைக் கேட்ட பிள்ளை, அடுத்த முறை சேட்டை செய்யும்போது தானும் செத்துவிடுவோம் என்று பயப்படும்.

அப்பாவோ, அவன் அதிகம் ஒட்டுகிற ஒரு ஆளோ, பகலில், கூட்டம் இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து முதலில் கேட்கட்டும்: "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீ என்ன நினைக்கிற?" அவன் சொல்லி முடிக்கட்டும். சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பிறகு இந்த வரிசையில்:

"நீ பந்தை எடுக்கச் சொன்ன. அது உண்மை. பந்தை எடுக்கச் சொன்னா யாரும் சாக மாட்டாங்க. கம்மாயில மண்ணு அள்ளின பள்ளம் இருந்துச்சு. தண்ணி கலங்கலா இருந்ததால பள்ளம் யாருக்கும் தெரியல. அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. தண்ணிக்குள்ள மூச்சு விட முடியல. மூச்சு நின்னதால அண்ணன் செத்துட்டான். உன்னால அவன இழுத்திருக்க முடியாது, உனக்கு ஆறு வயசு. நீ ஓடிப்போய் ஆள் கூப்பிட்ட. அதுதான் செய்ய வேண்டியது, அத நீ செஞ்ச."

சின்னச் சின்ன வாக்கியம். நடுவில் அழுதால் நிறுத்துங்கள், அணைத்துக்கொள்ளுங்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது. அடுத்த மாதம் வேறு கோணத்தில் கேட்பான்: "பந்து நடுவுல போகலைன்னா?" அப்போதும் பதில் இதேதான், வார்த்தைகூட மாற வேண்டாம். அம்மா அந்த நேரத்து வேதனையில் "ஏன்டா கூட்டிட்டுப் போன?" என்று கேட்டிருந்தால், அதை அம்மாவேதான் திரும்ப எடுக்க வேண்டும். "அன்னைக்கு அம்மா கத்தினது அழுகையில. உன்னால நடக்கல" என்று இரண்டு வரி அவர் வாயிலிருந்து வந்தால் போதும். மற்றவர்கள் சொன்னால் அது இறங்காது.

உடலை அறுத்துப் பார்த்ததை யாராவது அவன் காதில் போட்டிருப்பார்கள். கேட்டால்: "எப்படி நடந்துச்சுன்னு டாக்டர்கள் பார்த்தாங்க. செத்த உடம்புக்கு வலிக்காது. தையல் போட்டு, துணி சுத்தி நம்மகிட்ட கொடுத்துட்டாங்க." அதற்கு மேல் அவன் கேட்டால் மட்டும்.

சின்னவளுக்கு வருகிறேன். மூன்றரை வயதுக்குச் சாவு என்பது போய்விட்டு வருகிற ஒரு காரியம். உடம்பு வேலையே செய்யாது, திரும்பி வர முடியாது, எல்லாருக்கும் ஒரு நாள் நடக்கும் என்பதெல்லாம் சேர்ந்து புரிய 5 முதல் 7 வயது ஆகும், சில பிள்ளைகளுக்கு 9 கூட ஆகும். அதனால் "அழகர்கோயில் போயிருக்கான்" என்றால் அவளுக்கு அது பஸ் ஏறிப் போகிற இடம். ஏன் என்னை விட்டுவிட்டுப் போனான், ஏன் திரும்பவில்லை என்று காத்துக்கொண்டே இருப்பாள். "தூங்குறான்" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொன்னால் அடுத்த வாரம் தூங்கப் பயப்படுவாள், அம்மா கண்ணை மூடினால் உலுக்குவாள்.

அவளுக்குச் சொல்ல வேண்டியது: "அண்ணன் செத்துட்டான். அவன் உடம்பு வேலை செய்யல. மூச்சு விடாது, பசிக்காது, குளிராது, வலிக்காது. நம்ம வீட்டுக்கு இனி வர முடியாது. அப்பத்தா தெரியாம சொல்லிட்டாங்க, அவன் அழகர்கோயில்ல இல்ல." ஒரே நாளில் பத்து தடவை "அண்ணன் எப்ப வருவான்?" என்று கேட்பாள். பதினோராவது தடவையும் கோபம் இல்லாமல் "வர மாட்டான்டா, செத்துட்டான்" என்றுதான். இந்தத் திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் அவளுக்கு விஷயம் பதியும்.

உசிலம்பட்டி வேண்டாம். அண்ணனும் காணோம், அப்பா அம்மாவும் காணோம், வீடும் காணோம் என்றாகிவிடும். பையனோ அதைத் தண்டனை என்றே எடுத்துக்கொள்வான், தப்பு செய்தவனை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று. அதைவிட அம்மாச்சி இங்கே வந்து இருக்கட்டும். எழுப்புவது, பல் விளக்குவது, சோறு, தூக்கம் எல்லாம் பழைய நேரத்துக்கே நடக்க ஒரு ஆள் பொறுப்பு. சித்தியோ அம்மாச்சியோ, ஒருவர்தான், நாளுக்கு ஒருவர் அல்ல. அம்மா அரை மணி நேரம் பிள்ளைகளோடு படுத்துக் கிடந்தால் போதும், பேச வேண்டியதுகூட இல்லை. அம்மா அழுவதை மறைக்கவும் வேண்டாம். "அண்ணனை நினைச்சு அழறேன், உன் மேல கோபம் இல்ல" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் சரி.

இன்னொன்று. பையன் அஞ்சு நிமிஷம் அழுதுவிட்டு எழுந்துபோய் கோலிக்குண்டு ஆடுவான். "இவனுக்கு உறைக்கவே இல்ல பாரு" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இந்த வயதுப் பிள்ளைகள் துக்கத்தை அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள். விளையாட விடுங்கள்.

அங்கன்வாடி_அக்கா (முன்பருவக் கல்வி)

படுக்கை நனைப்பதும் குளிப்பதும் மட்டும் நான் சொல்கிறேன்.

பாய்க்கு மேல் ரப்பர் ஷீட், அதற்கு மேல் பழைய பருத்திப் புடவை மடித்து இரண்டு. ராத்திரி நனைந்தால் மேல் மடிப்பை மட்டும் உருவினால் போதும், பிள்ளையை முழுசாக எழுப்பி, லைட்டெல்லாம் போட்டு, வீடே கூடவேண்டியதில்லை. படுக்கப் போகுமுன் ஒரு தடவை ஒண்ணுக்கு. தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். திட்டுவதும், "தங்கச்சியே நனைக்கல, நீ நனைக்கிற" என்பதும் கூடவே கூடாது. பெரும்பாலும் சில வாரத்தில் தானே நிற்கும். ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், காய்ச்சல், பகலிலும் நனைப்பது என்று இருந்தால் அது துக்கம் மட்டும் இல்லை, சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

குளியல்: முகத்தில் தண்ணீர் படுவதுதான் அவனுக்குப் பயம், மூச்சு முட்டுகிற மாதிரி. திடீரென்று தலையில் செம்பைக் கவிழ்ப்பவர்கள் உண்டு, "பழகிடும்" என்று. பழகாது, பயம் இரண்டு மடங்காகும். முதல் ரெண்டு மூணு நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டால் துடைத்துவிடுங்கள். பிறகு செம்பை அவன் கையில் கொடுங்கள், காலில் அவனே ஊற்றட்டும். அடுத்து முட்டி வரை, அடுத்து இடுப்பு, அடுத்து தோள். ஒவ்வொரு படியிலும் அவன் "சரி" என்ற பிறகே அடுத்தது. தலை கடைசி: நிமிர்ந்து மேலே பார்க்கச் சொல்லி, நெற்றியில் மடித்த துண்டை அவனே பிடித்துக்கொள்ள, பின்மண்டையிலிருந்து ஊற்றுங்கள். தொட்டியில் உட்காரவைப்பது, பம்புசெட் குளியல் எல்லாம் பல மாதம் கழித்து யோசிக்கலாம்.

சின்னவளுக்கு ஒரு எச்சரிக்கை. பதினாறாம் நாளில் நாள் முழுக்க அவளைக் கூட்டத்தில் வைக்காதீர்கள். ஒப்பாரி உச்சத்தில் இருக்கும்போது மூன்றரை வயதுக்கு அது துக்கமாகத் தெரியாது, பயமாகத்தான் தெரியும்.

குழந்தைமனம்_மதுரை

அக்கா சொல்வதை முழுக்க ஏற்கவில்லை. ஒதுக்கி வைத்தாலும் பயம்தான் வரும். பக்கத்து வீட்டில் உட்காரவைத்துவிட்டு, சத்தம் மட்டும் காதில் விழுந்தால் பார்ப்பதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்வாள். ஆனால் நாள் முழுக்க வேண்டாம் என்பது சரி.

செய்யக்கூடியது இது. இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாக ஒரு ஆள், துக்கத்தில் நேரடியாக மாட்டாதவர், தாய்மாமன் பெண்சாதியோ பக்கத்து வீட்டு அக்காவோ. முந்தின நாளே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுங்கள்: "நாளைக்கு நிறைய பேர் வருவாங்க. சில பேர் சத்தமா அழுவாங்க. அண்ணன் போட்டோவுக்கு மாலை போட்டு, அவனுக்குப் பிடிச்சத படைப்பாங்க. உனக்கு இருக்கணும்னா இரு, போதும்னா அத்தை கையைப் பிடி, வெளிய போயிரலாம்." பிறகு அவர்களே முடிவு செய்யட்டும். பையனுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள்: படத்துக்குப் பூ வைப்பது, அண்ணனுக்குப் பிடித்த பண்டத்தை இலையில் வைப்பது. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சிறு பிள்ளை இறந்த வீட்டில் காரியத்தைச் சுருக்கமாக முடிக்கிற குடும்பங்களும் உண்டு. எந்த வழக்கமானாலும், கிறிஸ்தவர் முஸ்லிம் வீடானாலும், முன்கூட்டிச் சொல்வது, ஒரு ஆள், வெளியே வர வழி, இந்த மூன்றும் ஒன்றுதான்.

பதினாறுக்கு முன்னால் அவசரமாக ஒரு காரியம் இருக்கிறது. இறந்தவர் துணிமணி, பாய், தலையணையெல்லாம் கழித்துவிடுவது வழக்கம். அதற்கு முன் ஒரு பையில் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: துவைக்காத ஒரு சட்டை (காற்றுப் போகாத கவரில் போட்டால் வாசனை கொஞ்ச காலம் நிற்கும்), அவன் கையெழுத்துள்ள நோட்டு ஒன்று, வரைந்த படம், பிடித்த சாமான் ஒன்று. இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு போட்டோ லேமினேஷன் செய்து கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் அவன் குரல் பதிவு இருந்தால் வேறு போனிலும் ஏற்றி வையுங்கள், போன் மாற்றும்போது போய்விடும். தங்கைக்கு அண்ணனைப் பற்றிப் பெரிதாக எதுவும் நினைவில் நிற்காது. ஏழெட்டு வயதில் கேட்பாள், அப்போது இந்தப் பைதான் பேசும்.

சட்டம்_தெரிந்தவர் (குழந்தைகள் பாதுகாப்பு)

யாரும் தொடாத ஒரு பக்கம். நீரில் மூழ்கி இறந்தால் போலீஸ் விசாரணை உண்டு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக இப்போது இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194-ஆம் பிரிவு). கூட இருந்தவன் தம்பி என்பதால் அவனிடம் கேட்பார்கள். 15 வயதுக்கு உட்பட்ட பையனை விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, அவன் இருக்கிற இடத்தில்தான் கேட்க வேண்டும். அதே புதுச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அதிகாரி என்று ஒருவரை இளைஞர் நீதிச் சட்டப்படி நியமித்திருக்க வேண்டும். அவரைக் கேளுங்கள். சாதா உடையில் வரச் சொல்லலாம், அப்பாவோ சித்தியோ பக்கத்தில் இருக்கலாம். ஒரே தடவையில் முடித்துவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வந்து போன பிறகு பையனிடம் "போலீஸ் எல்லாரையும் கேப்பாங்க, உன்னைப் பிடிக்க வரல" என்று சொல்ல மறக்காதீர்கள். பந்து விஷயத்தோடு சேர்த்து அவன் என்ன நினைப்பான் என்று யோசித்தால் தெரியும்.

போலீஸைவிடப் பெரிய தொல்லை கேதம் கேட்க வருகிறவர்கள். "எப்புடிய்யா நடந்துச்சு? நீ பாத்தியா?" என்று ஆளாளுக்கு அந்தப் பிள்ளையைச் சொல்ல வைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் மறுபடி கரையில் போய் நிற்கிறான். வாசலிலேயே ஒரு பெரியப்பாவை உட்கார வையுங்கள்: "நடந்தத எங்கிட்ட கேளுங்க, பிள்ளைககிட்ட கேக்காதீங்க." கறாராகச் சொல்ல வேண்டும், இதில் மரியாதை பார்த்தால் நடக்காது. "சின்னவன் ஜாதகம் கூடப் பொறந்தவனுக்கு ஆகாது" என்கிற பேச்சு அந்த வீட்டில் எழுந்தால் அங்கேயே வெட்டுங்கள். "காத்து கருப்பு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போவதாக இருந்தால் தாயத்தோடு நிற்கட்டும். பிள்ளையை அடிப்பது, புகை போடுவது, "அண்ணன் உன் மேல வந்திருக்கான்" என்பதெல்லாம் கூடாது.

உடலை எடுக்கிறபோது யாராவது வீடியோ எடுத்திருப்பார்கள். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தால் அட்மினிடம் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள், வீட்டுப் போன்களிலும் அழியுங்கள், பையன் கேம் ஆட வாங்கும்போது கேலரியில் வந்து நிற்கும். அடுத்து, நம் பக்கத்து வழக்கப்படி பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைத்திருப்பார்கள். திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வரும் வழியில் அது இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமையே பாருங்கள். கழற்ற முடியாவிட்டால், அங்கே போட்டோ இருக்கும் என்று முன்னாலேயே அவனிடம் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

ஓய்வு_தலைமையாசிரியர்

பள்ளி வேலையைச் சொல்கிறேன் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களும் நான்காம் வகுப்பு ஆசிரியரும் வீட்டுக்குப் போய் மூன்று விஷயம் கேட்டு வாருங்கள்: வகுப்பில் என்ன சொல்லலாம், யார் பிள்ளையைக் கூட்டி வருவார், அவனுக்கு யார் கூட உட்காரப் பிடிக்கும். இத்தனை நாள் அண்ணன் கையைப் பிடித்து வந்தவன். வழி கம்மாய்க் கரை மேல் என்றால் சுற்றுவழியில் கொண்டு வரட்டும்.

நான்காம் வகுப்புக்குத் தனியாக, அவர்கள் அறையில், முதல் பாட வேளையிலேயே சொல்ல வேண்டும். பத்து நிமிஷம் போதும். என்ன நடந்தது, ஏன், இனி வரமாட்டான். பிறகு கேள்வி கேட்க விடுங்கள். "அவன் தம்பிகிட்ட யாரும் அதைப் பத்திக் கேக்கக் கூடாது. அவனா சொன்னா கேட்டுக்கலாம். விளையாடக் கூப்பிடலாம்" என்று முடியுங்கள். பிரேயரில் இரண்டு நிமிட மௌனம் நல்லதுதான், ஆனால் தம்பியை முன்னால் நிறுத்தி எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி வேண்டாம்.

இறந்தவன் உட்கார்ந்த இடத்தை முதல் நாளே காலி செய்து அடுத்த பிள்ளையை உட்காரவைக்காதீர்கள். சில நாள் விட்டு, பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு எல்லாருடைய இடத்தையும் சேர்த்து மாற்றுங்கள். அவன் நோட்டு, சிலேட்டு, வரைந்த படங்களை ஒரு பையில் போட்டு, பெற்றோர் கேட்கும்போது ஆசிரியர் கையாலேயே கொடுங்கள். தம்பியிடம் கொடுத்தனுப்புவது நடக்கிற ஒன்று, தயவுசெய்து செய்யாதீர்கள். வருகைப் பதிவேட்டிலும் எமிஸிலும் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு) பெயரைச் சரிசெய்து வையுங்கள். விவரம் தெரியாமல் மாற்றுப் பணிக்கு வந்த ஆசிரியர் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டால் வகுப்பே உடைந்துவிடும்.

தம்பிக்கு: காலை உணவுக்கு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவன், அந்த நேரம்தான் முதலில் குத்தும். ஒரு நண்பனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மேசையில் ஒரு சிவப்பு அட்டை கொடுங்கள். அழுகை வந்தால் பேச வேண்டாம், அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு சத்துணவு அக்காவிடமோ தலைமையாசிரியர் அறைக்கோ போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வரலாம். முதல் இரண்டு மூன்று நாள் மதியம் வரை போதும் என்றால் அதுவும் சரி. ஆனால் வாரக்கணக்கில் வீட்டில் வைத்தால் திரும்ப வருவது இன்னும் கடினம். "என் குடும்பம்" என்று படம் வரையச் சொல்கிற பாடம் வந்தால் அண்ணனை வரையலாமா என்று தயங்குவான். "வரையலாம், அவன் உன் அண்ணன்தானே" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். "நீங்க எத்தனை பேரு?" என்று யாராவது கேட்டால் சொல்ல அவனுக்கு ஒரு பதிலும் பழக்கிக் கொடுங்கள்: "நாங்க மூணு பேரு, எங்கண்ணன் செத்துட்டான்." பதில் கையில் இருந்தால் தடுமாற மாட்டான்.

மேலூர்_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். அப்பத்தா பக்தி உள்ளவர். "சாமிகிட்ட போயிட்டான்னுகூட சொல்லக் கூடாதா?" என்று சண்டைக்கு வருகிறார். இரண்டாவது, பையன் நேற்று "நானும் அண்ணன்கிட்ட போறேன்" என்று சொன்னானாம். வீட்டில் பதறிப்போய் இருமல் சிரப் கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்கள்.

குழந்தைமனம்_மதுரை

அப்பத்தாவோடு சண்டை வேண்டாம். நம்பிக்கை இருக்கட்டும், வரிசை மட்டும் மாறக்கூடாது: முதலில் உடம்புக்கு என்ன ஆனது என்பது, பிறகு சாமி. "அண்ணன் செத்துட்டான், உடம்பு வேலை செய்யல. அவன் உசுரு சாமிகிட்ட இருக்குன்னு அப்பத்தா நம்புறேன்." இது சரி. ஆனால் "நல்ல பிள்ளைன்னு சாமி கூப்பிட்டுக்கிச்சு" என்று மட்டும் வேண்டாம். அப்புறம் நல்ல பிள்ளையாக இருக்கவே பயப்படுவான், சாமி அறைப் பக்கம் போக மாட்டான்.

டாக்டர்_கோரிப்பாளையம்

சிரப்பை நிறுத்தச் சொல்லுங்கள். இருமல், சளி மருந்து எதுவும் தூக்கத்துக்குக் கொடுக்கிற மருந்து இல்லை. சில பிள்ளைகளுக்கு மூச்சை மந்தமாக்கும், சிலரை எதிர்மாறாகப் படபடக்க வைக்கும். தூக்கத்துக்கு: ஒரே நேரம், ஒரே அறையில் ஒரு பெரியவர், சின்ன லைட், படுக்கும் முன் போன் இல்லை. அது போதும்.

"அண்ணன்கிட்ட போறேன்" என்பதற்கு 6 வயதில் பெரும்பாலும் "அவனைப் பார்க்கணும்" என்றுதான் அர்த்தம். பதறாமல் கேளுங்கள்: "எப்படிப் போவ?" "அவன் இருக்குற இடம் தெரியல" என்றால் ஏக்கம். "கம்மாய்ல குதிச்சா போயிரலாம்" என்று வழி சொன்னால், அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், அன்றைக்கே மதுரைப் பெரியாஸ்பத்திரி (அரசு மருத்துவமனை) மனநலப் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள், தனியாக ஒரு நிமிஷமும் விடாதீர்கள். எது சொன்னாலும் இப்போதைக்குக் கம்மாய், கிணறு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெரியவர் துணை இல்லாமல் போகக்கூடாது.

சோறு அறவே இறங்காதது, பேச்சே நின்றுபோவது என்றால் காத்திருக்க வேண்டாம். கெட்ட கனவு, திடுக்கிடுதல், மூழ்குகிற விளையாட்டையே மாறாமல் திரும்பத் திரும்ப ஆடி அதற்குப் பிறகும் நிம்மதி இல்லாமல் இருப்பது, இவை ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் அது பார்த்த காட்சியின் பாதிப்பு. அதற்கென்று பேச்சு வழி, விளையாட்டு வழிச் சிகிச்சை இருக்கிறது. முதலிலேயே மாத்திரைக்குப் போக வேண்டியதில்லை. துக்கமே 6 மாதத்துக்கு மேல் தினமும் அவனைப் படிப்பு, விளையாட்டு, சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் அப்போதும் காட்ட வேண்டும்.

மதுரைக்கு வர முடியாவிட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல மருத்துவர் வருகிற நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். போனில் என்றால் டெலி மனஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416, எந்த நேரமும், தமிழில் பேசலாம், காசில்லை. குழந்தைகளுக்கான உதவி 1098. அம்மாவுக்கும் இதே 14416 எண்ணைக் கொடுங்கள். அவர் பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை என்றால் அவரும் பார்க்கப்பட வேண்டியவர்தான்.

அங்கன்வாடி_அக்கா

தீபாவளி கேட்டீர்களே, யாரும் சொல்லவில்லை. வருஷம் திரும்பும்வரை பண்டிகை இல்லை என்பார்கள், பெரியவர்களுக்கு அது சரி. தெருவெல்லாம் வெடி வெடிக்கும்போது இரண்டு பிள்ளைகளும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், அண்ணன் செத்ததற்குத் தங்களுக்கும் தண்டனை என்று ஆகிவிடும். வீட்டில் பலகாரம் சுட வேண்டாம். தாய்மாமன் வீட்டிலிருந்து புதுச்சட்டை வரலாம், அந்த வீட்டில் போய்க் கம்பி மத்தாப்பு கொளுத்திவிட்டு வரலாம். கூட்டிப் போகிறவர் பெரியவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் பிரச்சினை வராது. அண்ணனுக்கு எடுத்துவைத்திருந்த துணியைத் தம்பிக்குப் போட்டுவிடுகிறார்கள் சில வீடுகளில். அவனாகக் கேட்டால் கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். "இனி நீதான் மூத்தவன்" என்பதும், அண்ணன் பெயரால் கூப்பிடுவதும் அதே மாதிரிதான்.

குழந்தைமனம்_மதுரை

டீச்சர், ஒன்று குறித்து வையுங்கள். மூன்று வருஷம் கழித்து அவனுக்கு 9 வயது ஆகும், அதே நான்காம் வகுப்பில் இருப்பான். இந்த வயதில் நானும் சாவேனோ என்கிற பயம் அப்போது வரும், படிப்பிலோ வயிற்று வலியிலோ காட்டும். அந்த வருஷத்து வகுப்பாசிரியருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு, இறந்த தேதியோடு ஒரு தாளில் எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்து வையுங்கள்.